எலவப்பாக்கத்தின் ஒரே இனூயிட்

அமல்ராணியின் வீட்டுக்கும் அவளுடைய மல்லாட்டைக் கொல்லைக்கும் நடுவில் கனடா வந்து உட்கார்ந்துகொண்டது சித்திரை மாதம் மூன்றாவது வாரத்தில்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் கம்பிவேலி சிரிக்கிற விஷயம் இல்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எலவப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி மூன்று ஏக்கர் புறம்போக்கு. அதன் குறுக்கே ஒரு வண்டித்தடம். ஏரிக்கு அந்தப் பக்கம் கொல்லை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அந்தத் தடத்தில்தான் போனார்கள், வந்தார்கள். மாடு போனது, வண்டி போனது, இப்போது டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் கல் நட்டு, முள்கம்பி இழுத்து, இரும்புக் கேட் போட்டு, அதில் கைப்பிடி அளவுக்கு ஒரு பூட்டும் தொங்குகிறது. உள்ளே தெர்மாகோலில் ஒரு பனிவீடு. பக்கத்தில் சிமென்டில் ஒரு பனிக்கரடி. கரடியைச் செய்தவர் கோயில் கோபுரத்துக்கு சுதை வேலை செய்கிறவர். அவர் கை சும்மா இருக்குமா? கரடிக்கு உருட்டி விழிக்கிற கண்ணும் முறுக்கின மீசையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாளில் யாரோ அதன் காலடியில் கற்பூரம் கொளுத்திவிட்டார்கள்.

கேட்டின் மேல் பலகை: 'வடபகுதித் தன்னாட்சி மாதிரிகள் ஆய்வு நிறுவனம். மாதிரி நுனாவுட் வளாகம். அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.'

அமல்ராணிக்கு நாற்பத்தைந்து வயது. ஒண்ணே கால் ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தாள். செடி முற்றி, இலை பழுத்து, பிடுங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றது. அதிகமாகப் போனால் பத்து நாள். அதற்குள் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும், அத்தனை பாடும் போச்சு. ஏரியின் மறுபக்கம் சுற்றிப் போகலாம் என்றால் அங்கே ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் இருக்கிறது, டிராக்டர் இறங்காது. மற்றவர்கள் பின்னால் விதைத்தவர்கள், அவர்களுக்கு இன்னும் நாள் இருந்தது. அவசரம் இவளுக்குத்தான்.

"மாதாவே, கரடிக்கும் எனக்கும் இன்னா பகை?" என்று கேட்டுவிட்டு அவள் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள்.

இந்த நிறுவனம் பிறந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வடபகுதியைத் தனியாகப் பிரித்தால் என்ன என்று யாரோ எப்போதோ கேட்டார்கள். கேட்டவர் மறந்துபோனார். கேள்வி மறக்கவில்லை. கேள்விக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு அலமாரி, அலமாரிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு நிறுவனம் என்று அது வளர்ந்தது. பிரிப்பதற்கு முன் உலகத்தில் மற்றவர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்று பார்க்க வேண்டுமாம். தேடினார்கள். கனடா நாட்டின் வடகோடியில் பனிப்பிரதேசம். அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிற இனூயிட் மக்கள், இது எங்கள் மண், இதை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று அரசாங்கத்தோடு இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து பேசி, 1999-இல் தங்களுக்கென்று ஒரு புதிய பிரதேசத்தை வாங்கிவிட்டார்கள். நுனாவுட் என்று பெயர். எங்கள் நிலம் என்று அர்த்தம்.

நிறுவனத்தின் இயக்குநர் கோதண்டபாணி இதைப் படித்ததும், "இதுதான்யா நம்ம மாடல்!" என்று மேஜையைத் தட்டினார். அவர் நுனாவுட் போனதில்லை. மார்கழியில் மூன்று முறை ஊட்டிக்குப் போய்க் குளிர் அனுபவ ஆய்வு செய்திருந்தார். அதன் விளைவாக 'பனியும் பணியும்' என்ற நூலும் நாள்பட்ட ஜலதோஷமும் அவரிடம் இருந்தன.

நிறுவனத்தின் திண்டிவனம் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் விருத்தாசலம் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். எண் போடாத காகிதத்தைத் தொட்டால் கை கழுவுகிற மனிதர்.

"இன்னாம்மா வேணும்?"

"வழி வேணும் சார். கேட்டைத் தொறந்து வுடணும். மல்லாட்ட புடுங்கணும்."

"உங்க ஊரு ஹைவேஸுக்கு வடக்கையா தெற்கையா?"

"வடக்கு சார்."

"அப்ப இது வடபகுதி சமாச்சாரம். வடபகுதியை இன்னும் பிரிக்கல. பிரிக்காத பகுதிக்கு மனு வாங்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. பிரிக்கிற வரைக்கும் எல்லாம் விழுப்புரந்தான். தலைமை ஆபீசுக்குப் போங்க."

விழுப்புரத்துக்குப் போனாள். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் மனுவைப் பாதி படித்துவிட்டு வருத்தத்தோடு நிமிர்ந்தார். "எலவப்பாக்கம் வடபகுதியாச்சே. வடபகுதிக்குனு திண்டிவனத்துல தனியா ஆபீஸே தொறந்து வெச்சிருக்கோமே, தெரியாதா?"

"அவருதான் இங்க அனுப்பினாரு."

"அவர் அனுப்பினது சரி. நாங்க திருப்பி அனுப்புறதும் சரி."

இரண்டு பேரும் சரியாக இருந்ததால் அமல்ராணி நான்கு நாள் பஸ்ஸிலேயே இருந்தாள். ஐந்தாம் நாள் அவள் திண்டிவனத்தில் விருத்தாசலத்தின் மேஜை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, "இனிமே நான் எங்கயும் போவ மாட்டேன் சார். கொல்ல காய்ஞ்சிக்கினு கெடக்குது. இங்கயே கஞ்சி காய்ச்சிக் குடிச்சிக்கினு கெடக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

விருத்தாசலம் இரக்கப்பட்டு ஒரு புலப்படத்தை எடுத்து விரித்தார். நிலத்தின் எல்லைகள் எல்லாம் கோடு கோடாகப் போட்ட சர்க்கார் படம். "பாரும்மா. வண்டித்தடம் இருந்தா இதுல புள்ளிப் புள்ளியா காட்டியிருக்கும். இங்க ஒண்ணுமே இல்ல. படத்துல இல்லாத வழியில நீங்க இத்தினி வருசமா எப்படி நடந்தீங்க?"

"கால்லதான் சார்."

அந்த நேரத்தில் உள் அறைக் கதவு திறந்தது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த இயக்குநர் கோதண்டபாணி கையில் ஒரு ரோமக் கோட்டோடு அழாத குறையாக நின்றார். நாளை மறுநாள் நிறுவனத்தின் பெருவிழா. சென்னையிலிருந்து சிறப்பு ஆணையர் வருகிறார். மேடையில் 'நுனாவுட் ஒப்பந்தம், ஒரு மாதிரி நிகழ்வு' நடக்க வேண்டும். ஒரு பக்கம் கனடா அரசாங்கம், அது கோதண்டபாணியே. இன்னொரு பக்கம் இனூயிட் பிரதிநிதி. அதற்காக அமர்த்தியிருந்த நாடகக்காரர் அக்னி நட்சத்திர வெயிலில் கோட்டைப் போட்டுப் பார்த்த அஞ்சாவது நிமிஷம் பொத்தென்று விழுந்து, இப்போது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அமல்ராணியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அந்த ஊர்ல எத்தனை தலைமுறையா இருக்கீங்க?"

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் கட்டுன கெணறு இன்னும் கெடக்குது சார்."

"பூர்வகுடி!" என்று கத்தினார் இயக்குநர். "விருத்தாசலம், பூர்வகுடியைப் பெஞ்சுல உக்கார வெச்சிருக்கீங்களே, நாற்காலி போடுங்கய்யா! வெயில்ல வேலை செய்யறவங்க, கோட்டுக்குத் தாங்குவாங்க. பிரமாதம்! அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு வசனம். 'ஒப்புக்கொள்கிறோம்.' அவ்வளவுதான். நான் எது கேட்டாலும் நீங்க 'ஒப்புக்கொள்கிறோம்' சொல்லணும்."

"சொன்னா கேட்டைத் தொறப்பீங்களா?"

"மக்கள் தங்களைத் தாங்களே ஆளுறதுதானம்மா நம்ம நிறுவனத்தோட குறிக்கோள். முதல்ல விழா முடியட்டும், பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று அமல்ராணிக்குத் தெரியாதா? ஆனாலும் ஆணையர் வருகிறார் என்றதும் ஒரு நப்பாசை. பெரிய மனுஷன் ஒருத்தர் காதில் போட்டுவிட்டால் நடக்காதா? தலையை ஆட்டினாள்.

விழா திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழை மரமும், 'நுனாவுட்டே வருக' என்று ஒரு பேனரும். பதிவு மேஜையில் தட்டச்சர் இசைவாணி உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதரை மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி வெனிலா, அமல்ராணியின் சின்னம்மா மகள், குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. அக்கா மேடையேறுகிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். கூட வந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். காட்டன் சுடிதார், ரப்பர் செருப்பு, கையில் ஒரு விசிறி.

"இவங்க பேரு மீகா. ஆரோவில்ல இருக்கிற மகளைப் பார்க்க வந்திருக்காங்க, எங்க விடுதிலதான் தங்கியிருக்காங்க" என்றாள் வெனிலா. "நுனாவுட்டுக்காரங்க. இனூயிட்டு."

இசைவாணி பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். இயக்குநர் வந்தார். மீகாவைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"இனூயிட் இடம் ஏற்கெனவே ஃபில் ஆயிடுச்சே."

"சார், இவங்க நெஜ இனூயிட்டு!" என்றாள் வெனிலா.

"இருக்கட்டும்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நிரல்ல ஒரு இனூயிட்தான் இருக்கு, அச்சும் ஆயிடுச்சு. அதுவும் கோட்டு இல்லாம வந்திருக்காங்க, ஆணையர் எப்படி நம்புவாரு? மூணாவது வரிசையில பார்வையாளரா உக்காரச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தா நூலைப் படிக்கச் சொல்லுங்க" என்று 'பனியும் பணியும்' ஒரு பிரதியை மீகாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக் கூடத்தில் அமல்ராணி கோட்டை மடியில் வைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தாள். வெனிலா மீகாவைக் கூட்டி வந்தாள். மீகா கோட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்பக்கம் 'பொம்மை தயாரிப்புக்கு மட்டும்' என்று ஒரு சீட்டு இருந்தது. அதை வெனிலா படித்துச் சொன்னதும் அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமல்ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

"உன் பிரச்சினை என்னன்னு கேக்கறாங்கக்கா."

அமல்ராணி சொன்னாள். வேலி, கேட், புலப்படம், கால்லதான் சார். வெனிலா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மீகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவர் பேசினார், வெனிலா தமிழில் சொன்னாள்.

"அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப அவங்க வீட்டுக்கு மேப்பைச் சுருட்டி எடுத்துக்கினு சில பேர் வந்தாங்களாம். சர்க்கார் மேப்புல அந்த இடமெல்லாம் வெறும் வெள்ளையா இருக்குமாம், யாருமே இல்லாத மாதிரி. அவங்க அப்பா கிட்ட பென்சிலைக் குடுத்து, நீ எங்கெங்க நடந்த, மான் எங்க வேட்டையாடுன, கடல்நாய் எங்க புடிச்சன்னு கோடு போடச் சொன்னாங்களாம். அவரு ரெண்டு நாளு குந்திக்கினு போட்டாராம். அதே மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொருத்தரும் போட்டாங்களாம். எல்லாத்தையும் சேத்துப் பார்த்தா மேப்புல வெள்ள எடமே இல்லியாம். அதை வெச்சித்தான் பின்னாடி சர்க்கார் கிட்டப் பேசுனாங்களாம்."

"எத்தினி வருசமாச்சாம்?"

"இருவது வருசத்துக்கும் மேலயாம்."

"எனக்கு இருவது வருசமா இருக்குது? மூணு நாளுக்குள்ள மழ வந்துட்டா எல்லாம் மொளச்சிடும்டி" என்றாள் அமல்ராணி.

அப்போது விருத்தாசலம் ஒரு கோப்போடு வந்தார். மேடையில் கையெழுத்தாகப் போகிற மாதிரி ஒப்பந்தம் அதற்குள் இருந்தது. அவர் முகத்தில் பெரிய கவலை.

"அம்மா, உங்க ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும்."

"நாடகத்துக்கா சார்?"

"நாடகமா இருந்தாலும் கையெழுத்துப் போடறவங்க பேரு, விலாசம், ஆதாரம் இல்லாம ஆணையர் முன்னால காகிதம் வெக்க முடியாதும்மா. 'இனூயிட் மக்கள்'னு மொட்டையா டைப் பண்ணியிருந்துச்சு இசைவாணி. நான்தான் அடிச்சிட்டு, எலவப்பாக்கம் அமல்ராணின்னு சரி பண்ணேன். 'கனடா அரசு'ன்னு நம்ம லெட்டர்பேடுல போட நமக்கு அதிகாரம் கிடையாது. அதையும் அடிச்சிட்டு 'நிறுவனம்'னு போட்டேன். நடப்பு எண் போட்டு, வட்ட முத்திரையும் வெச்சாச்சு. நம்பர் இல்லாத காகிதம் மேஜை மேல இருக்கக் கூடாது பாருங்க."

"சும்மா நடிக்கறதுக்கு எதுக்கு சார் இத்தினி பேஜாரு?"

"நடிக்கறோம்னு காகிதத்துக்குத் தெரியுமாம்மா?" என்றார் விருத்தாசலம்.

அமல்ராணி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். இணைப்பு ஒன்று, வரைபடம். நுனாவுட் படம் அச்சில் கறுப்பாக விழுந்துவிட்டதாம். மேடையில் யார் கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று இசைவாணி அலமாரியில் கிடைத்த வளாகப் படத்தையே பெரிதாக்கி வைத்துவிட்டாள். ஏரி, புறம்போக்கு, அந்தப் பக்கம் கொல்லைகள். நடுவில் வெள்ளையாக மூன்று ஏக்கர்.

பத்தரைக்கு ஆணையர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். குளிர்பிரதேசத்து விழா என்பதால் திரிக்குப் பதில் மின்விளக்கு வைத்திருந்தார்கள். சரியாக அப்போது கரன்ட் போனது. ஜெனரேட்டர் வந்து மைக் மட்டும் உயிர் பிடித்தது. ஏசி பிடிக்கவில்லை. கோட்டுக்குள் அமல்ராணி ஆவியில் வைத்த கொழுக்கட்டையாக வெந்துகொண்டிருந்தாள்.

கோதண்டபாணி பேசினார்.

"மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களே! நுனாவுட் நமக்குக் கற்றுத்தரும் பாடம் என்ன? மக்களிடம் கேள்! மக்களைக் கேட்காமல் ஒரு கோடு கூடப் போடாதே! இந்தப் பாடத்தை நாங்கள் எந்த அளவுக்கு உள்வாங்கியிருக்கிறோம் என்றால், மாதிரி வளாகத்துக்கு இடம் தேர்வு செய்த அன்று ஊர் மக்களைக் கேட்பது பற்றி மட்டுமே மூன்று மணி நேரம் விவாதித்தோம். கேட்டால் அவர்கள் குழம்பிப் போவார்கள் என்பதால், அவர்கள் சார்பில் நாங்களே எங்களைக் கேட்டு, நாங்களே சம்மதித்துக்கொண்டோம்."

கைதட்டல்.

"இனூயிட் மக்களிடம் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. ஆனால் நடந்தார்கள்! ஒரு மக்கள் கூட்டம் நடந்த தடமே அவர்களுடைய பட்டா! இதை எந்த மனசாட்சியுள்ள அதிகாரி மறுக்க முடியும்? தடத்தை மறிப்பவன் மனிதனா என்று கேட்கிறேன்!"

அமல்ராணி கோட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் நெஞ்சிலிருந்துதான் பேசுகிறாரா? ஆமாம், கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. ஊட்டிக் குளிரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

ஆணையர் சுருக்கமாகப் பேசினார். "பிரிவினை என்பது முக்கியம். அதைவிட முக்கியம், பிரிக்காமல் ஆய்வு செய்துகொண்டே இருப்பது. பிரித்துவிட்டால் ஆய்வு நின்றுவிடும். ஆய்வு நின்றால் நிறுவனம் நின்றுவிடும். அந்த வகையில் இந்த நிறுவனம் பொறுப்போடு செயல்பட்டு வருகிறது."

பிறகு மாதிரி நிகழ்வு. கனடாவாகிய கோதண்டபாணி கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்தார். எதிரில் எலவப்பாக்கத்தின் ஒரே இனூயிட். ஒப்பந்தத்தின் இணைப்பு வரைபடத்தைப் பலகையில் மாட்டினார்கள்.

"இனூயிட் பிரதிநிதி அவர்களே! உங்கள் மக்கள் நடந்த தடத்தை இந்தப் படத்தில் வரைந்து காட்டுவீர்களா?"

"ஒப்புக்கொள்கிறோம்" என்றாள் அமல்ராணி. எழுந்தாள். கோட்டின் கை நீளம், மடித்துவிட்டுக்கொண்டாள். ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, ஊர்ச் சாவடியில் ஆரம்பித்தாள். கோடு ஏரிக்கரையில் ஏறியது. அங்கே இரட்டைப் பனை, அதைச் சுற்றி வளைந்தது. புறம்போக்குக்குள் இறங்கியது. நடுவில் மாட்டுத்தண்ணிக் குட்டை, அதற்குத் தெற்கே ஒரு ஒதுங்கல். பிறகு மேடு. தெர்மாகோல் பனிவீட்டின் நட்டநடுவே புகுந்து, கரடியின் மீசையை உரசிக்கொண்டு, கொல்லையில் போய் நின்றது. அந்த வழியில் அவள் எத்தனை ஆயிரம் தரம் போயிருப்பாள்!

"நேரா போடும்மா, நேரா!" என்று மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார் கோதண்டபாணி. "பாதைன்னா நேரா இருக்கணும். பார்க்க அசிங்கமா இருக்கு."

"அங்க சேறு சார். நேரா போனா வண்டி எறங்கிடும்."

மூன்றாவது வரிசையில் மீகா எழுந்து நின்றார். அவர் பேசியது மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. வெனிலா பயந்துகொண்டே எழுந்து தமிழில் சொன்னாள்.

"இவங்க முப்பது வருசம் இந்த மாதிரி மேப்புங்களோடதான் வேலை செஞ்சாங்களாம். நேரா இருக்கற கோடு எல்லாம் ஆபீஸ்ல போட்டதாம். நடந்தவங்க போட்ட கோடு வளைஞ்சிதான் இருக்குமாம். இது நடந்தவங்க கோடாம். இதுல கையெழுத்துப் போடுங்கன்னு சொல்றாங்க."

யார் இந்த அம்மாள் என்று ஆணையர் கேட்டார். பார்வையாளர் என்றார் கோதண்டபாணி. நல்ல ஆர்வம் என்று ஆணையர் பாராட்டி, பேனாவைத் திறந்தார்.

விருத்தாசலம் ஒப்பந்தத்தை உரக்கப் படித்தார். "இணைப்பு ஒன்றில் மக்கள் வரைந்த தடம் மக்களுக்கே உரியது. அதில் எந்தத் தடையும் வைக்கப்படாது. ஏற்கெனவே உள்ள தடைகள் உடனடியாக அகற்றப்படும்." கோதண்டபாணி கையெழுத்திட்டார். அமல்ராணி கையெழுத்திட்டாள். ஆணையர் சாட்சியாகக் கையெழுத்திட்டார். போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். கரன்ட் கூட வந்துவிட்டது.

அமல்ராணி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "சாவி குடுங்க சார்."

"என்ன சாவி?"

"கேட்டு சாவி. இப்பதான தடையை எடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

கோதண்டபாணி மனசாரச் சிரித்தார். "அது மாதிரிம்மா! நுனாவுட்டுக்குச் சொன்னது. நாடகம்!"

"காகிதத்துக்கு நாடகம்னு தெரியாதுன்னு சார்தான் சொன்னாரு" என்று விருத்தாசலத்தைக் காட்டினாள்.

விருத்தாசலம் கோப்பைத் திறந்தார். படித்தார். மறுபடி படித்தார். முகம் வெளுத்தது. நிறுவனம் என்ற பெயர், அமல்ராணி என்ற பெயர், ஆதார் ஜெராக்ஸ், சர்வே எண் போட்ட படம், நடப்பு எண், வட்ட முத்திரை, மேலே ஆணையர் கையெழுத்து. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு குற்றம் குறையில்லாத காகிதத்தை அவரே பார்த்ததில்லை.

"சார்... இது நடப்புப் பதிவேட்டுல ஏறிடுச்சு சார்."

"கிழிச்சிப் போடுய்யா!"

"ஆணையர் கையெழுத்தைக் கிழிச்சா எனக்குப் பென்ஷன் வராது சார். ரத்து பண்ணணும்னா பொதுக்குழு கூட்டணும். அடுத்த பொதுக்குழு ஆடி மாசத்துக்கு அப்புறந்தான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இது நடைமுறைல இருக்கும் சார்" என்றார் விருத்தாசலம். சொல்லும்போது அவர் குரலில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

சாவி விழுப்புரத்தில் இருந்தது. அதை அமல்ராணியிடம் கொடுத்தனுப்ப விதி இல்லை என்று விருத்தாசலமே போய் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு எலவப்பாக்கம் வந்து இறங்கினார். பழைய ஆபீஸ் பூட்டு, துரு ஏறியிருந்தது. இரண்டு தரம் திருகி, மூன்றாம் தரம் கல்லால் தட்டித் திறந்தார். தன் கையால் போன காகிதம் அடுத்த நாளே ஒரு பூட்டைத் திறந்ததை அவர் சர்வீசில் முதன்முதலாகப் பார்த்தார். கேட்டைத் தள்ளிவிட்டு, ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"குந்துங்க சார், கேப்பைக் கூழு இருக்குது" என்றாள் அமல்ராணி.

"டூட்டில இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு செம்பு குடித்தார்.

டிராக்டர் பனிவீட்டை நெருங்கியது. தடம் அதன் நடுவேதான் போயிற்று, என்ன செய்வது? ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. விருத்தாசலம் படத்தை விரித்துச் சரிபார்த்து, "ஆமா, தடை. அகற்றலாம்" என்றார். நாலு பேர் அதைத் தூக்கிக் கரடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். மூன்று நாள் பன்னிரண்டு பெண்கள் பிடுங்கினார்கள். மீகாவும் ஒரு நாள் வந்து, வேர்க்கட்டியை உதறி, பச்சைக் காயைத் தின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி நடை டிராக்டர் கேட்டைத் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது. அமல்ராணி காய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, யார் பார்த்தால் என்ன என்று, சத்தம் போட்டு அழுதாள். சந்தோஷந்தான்.

ஆடி கழிந்தது. பொதுக்குழு கூடியது. ஒரே ஒரு பொருள்: ஒப்பந்தத்தை ரத்து செய்வது. ஆனால் ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு. இனூயிட் தரப்பின் சம்மதம் இல்லாமல் ரத்து செய்ய விதியில் இடமில்லை என்று விருத்தாசலம் குறிப்பு எழுதியிருந்தார். அதனால் அமல்ராணிக்குப் பதிவுத் தபாலில் அழைப்பு போனது. இந்த முறை அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி. பெயர்ப்பலகையும் இருந்தது.

"அம்மா" என்றார் கோதண்டபாணி, தேனாக. "உங்களுக்கு ஒரே ஒரு வசனந்தான். ஞாபகம் இருக்கில்ல? ரத்து செய்ய இனூயிட் தரப்பு...?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"ஒப்புக்க முடியாது சார்" என்றாள் அமல்ராணி.

அந்த வசனம் நிரலில் இல்லை. இயக்குநர் விருத்தாசலத்தைப் பார்த்தார். விருத்தாசலம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: "இரு தரப்பும் உடன்படாததால், பேச்சுவார்த்தை தொடர்கிறது. அது முடியும் வரை ஒப்பந்தம் நீடிக்கும்."

"எவ்வளவு நாளைக்குய்யா தொடரும்?"

விருத்தாசலம் பக்கத்திலிருந்த 'பனியும் பணியும்' நூலைப் புரட்டினார். "நம்ம மாதிரிப்படி பார்த்தா, இருபது வருஷத்துக்கு மேல சார். நீங்களே எழுதியிருக்கீங்க, நாற்பத்தி மூணாம் பக்கம்."

அமல்ராணி விரல் விட்டு எண்ணினாள். வருஷத்துக்கு இரண்டு போகம், நாற்பது அறுவடை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நெதானமாவே பேசலாம் சார்" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."